நாற்பத்தொன்றாம் எண்

கடிதத்தில் முப்பத்தெட்டுப் பேர்தான் இருக்கிறது என்று மியூசியம் வாசலில் உட்கார்ந்திருந்தவர் சொன்னபோது அமுதவல்லி மிஸ்ஸுக்கு வெயில்தான் முதல் எதிரியாகத் தெரிந்தது. மணி பத்தரைதான், அதற்குள் பிடரி கொதிக்கிறது, பின்னால் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுப் பெண்கள் இரட்டை வரிசையில் நின்றுகொண்டு இரட்டை வரிசை தவிர மற்ற எல்லாமாகவும் இருக்கிறார்கள், இவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பேர் பேராக விரல் வைத்துப் படிக்கிறார். “இல்ல சார், நாப்பத்தொண்ணு. நல்லா பாருங்க, என் க்ளாஸ் எனக்குத் தெரியாதா?” என்று அவள் கடிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். பள்ளியின் முத்திரை இருந்தது. பிரின்சிபால் மேடத்தின் கையெழுத்து இருந்தது. இருபத்திரண்டு மகேஸ்வரி இல்லை. இருபத்தேழு பர்வீன் இல்லை. கடைசி, நாற்பத்தொன்று, யோகலட்சுமி இல்லை. அந்த மூன்று ஓட்டைகளையும் அடைத்து, எண்களை இழுத்துத் தைத்து, முப்பத்தெட்டில் அழகாக முடித்திருந்தார்கள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, புரிந்ததும் வெயில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. ஆபீஸ் கிளார்க் மாசிலாமணி சோம்பேறித்தனமாக கம்ப்யூட்டரில் கைக்குக் கிடைத்த பட்டியலை அச்செடுத்திருக்கிறார். அது இந்த வருஷத்து ஒன்பதாம் வகுப்பு அல்ல, வரப்போகிற வருஷத்துப் பத்தாம் வகுப்பு. “பரவால்ல மேடம், கீழ மூணு பேரையும் கைல எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க” என்று வாசலில் இருந்தவர் தன் பேனாவை நீட்டினார். எழுதினாள். யோகலட்சுமி என்று எழுதி முடித்துத் தலையைத் தூக்கினால் அந்த யோகலட்சுமியே தோளுக்குப் பக்கத்தில் நின்று கடிதத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மிஸ், என் பேரு இல்லையா மிஸ்?” “டைப்பிங் மிஸ்டேக். லைன்ல போய் நில்லுடி” என்றாள் அமுதவல்லி. இருபத்தோரு வருஷ அனுபவம், பொய் தடுக்காமல் வந்தது.

தோளில் தொங்கிய கைப்பையில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. அதில் மூன்று தாள்கள். குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன், கீழே பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு கட்டம், அதற்கும் கீழே, மேற்படி பெற்றோர் என் முன்னிலையில் இதைக் கேட்டுக்கொண்டார், வகுப்பாசிரியர். பெற்றோர் யாரும் வரவில்லை, கேட்கவில்லை, அவர்களுக்கு விஷயமே தெரியாது. “அவங்க சைன அப்புறம் வாங்கிக்கலாம் அமுதா, முதல்ல உங்க சைன் இருந்தாத்தான் அவங்ககிட்ட பேச முடியும், க்ளாஸ் மிஸ்ஸே சொல்லிட்டாங்கன்னா அடங்கிடுவாங்க” என்று நேற்று மாலை மேடம் சொன்னார். சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த மிக்சரைத் தள்ளி வைத்தார், எடுத்துக்கோங்க என்று. பிறகு ஒரு வார்த்தை சொன்னாரே, அதுதான் ராத்திரியெல்லாம் அமுதவல்லியைப் புரட்டி எடுத்தது. “மூணு பேரையும் நாளைக்கு எக்ஸ்கர்ஷனுக்கு மறக்காம கூட்டிட்டுப் போங்க, பாவம், கடைசியா ஒரு நாள் ஜாலியா இருக்கட்டும்.” பாவமாம். என்ன இரக்கம், என்ன இரக்கம். கோயிலுக்கு விட்ட ஆட்டுக்கு மாலை போடுகிறவன்கூட அதைப் பாவம் என்று சொல்லிக்கொண்டு போடமாட்டான். பஸ் திரும்பி வந்ததும் மாசிலாமணி கேட்டிலேயே நிற்பாராம், உறையை அவர் கையில் கொடுத்துவிட வேண்டுமாம். ஆனால் இவள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அவர்கள் மூன்று பேரையும் அழித்தாகிவிட்டது, பட்டியல் தயார், எண்கள் தயார். அப்படியென்றால் இந்தக் கையெழுத்து எதற்கு? நாளைக்கு எவனாவது கேட்டால் காட்டுவதற்கு. இவள்தான் செய்தாள் என்று காட்டுவதற்கு. இதை நினைத்ததும் அவளுக்கு வாயில் நல்லா வந்தது, நாற்பத்தொரு பெண்பிள்ளைகள் முன்னால் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது, பூச்சி உருண்டையும் பழைய மரமும் கலந்த வாசனை. அமுதவல்லியின் அப்பா காலத்தில் இந்த எழும்பூர் மியூசியத்தைச் சென்னையில் செத்த காலேஜ் என்றுதான் சொல்வார்கள், மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். பொங்கல் முடிந்து மறுநாள் அவரும் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், புலியைப் பார்த்து அவள் அவர் சட்டையை நனைத்துவிட்டாளாம், வீட்டில் ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது அந்தப் புலியைப் பார்த்தால் பயம் வரவில்லை. இந்தப் பஞ்சடைத்த பிராணிகளிடம் அவளுக்கு என்ன கோபம் இருக்க முடியும், இருந்தது, கண்ணாடிக்குள் ஒவ்வொன்றும் தன் பேரை ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு நிற்கிறதே என்று கோபம் வந்தது. இந்த மரநாய்க்குப் பேர் இருக்கிறது, எங்கே பிடிபட்டது என்று ஊர் இருக்கிறது. செத்த மரநாய்க்கு இருக்கிற மரியாதை. “குறிப்பு எடுங்கடி, வெறும பாத்துக்கிட்டே போகாதீங்க, ரெக்கார்ட்ல மார்க் இருக்கு” என்று கத்தினாள். பி.டி. மிஸ் ஹெலன் முன்னால் விசிலோடு போய்க்கொண்டிருந்தாள், மியூசியத்தில் விசில் ஊதக்கூடாது என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று. புடவை உறுத்தியது. விடிகாலை ஐந்து மணிக்கு விளக்குப் போடாமல் பீரோவில் கையை விட்டு எடுத்தது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள், இது அந்தப் புடவை. சங்கரி புடவை.

சங்கரிக்குப் போன வருஷம்தான் இதே மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டாள். அதற்கு முந்தின வருஷமும் இரண்டு பேருக்குப் போட்டாள், அவர்கள் முகம் ஞாபகம் இல்லை, ஒருத்திக்குத் தெத்துப்பல். சங்கரியின் முகம் மட்டும் மறக்கவில்லை, காரணம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் அந்தக் கூட்டத்தில் ஒரு புடவைக் கடைக்குள் நுழைந்தபோது, “மிஸ்! மிஸ்! இங்க வாங்க மிஸ்!” என்று கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி கையை ஆட்டினாள். கடைச் சீருடை, காதில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தோடு. எங்கிருந்தோ ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து போட்டாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், எங்க மிஸ், எங்க சயின்ஸ் மிஸ் என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னாள். திட்டியிருக்கலாம். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். பதினைந்து வயதில் அந்த அளவுக்குக்கூட ரோஷம் வேண்டாமா ஒருத்திக்கு? முப்பது புடவையைப் பிரித்துப் போட்டு, இது உங்க கலருக்கு எடுப்பா இருக்கும் மிஸ் என்று இதை எடுத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்து பீரோவின் அடியில் வைத்தவள் இன்றுவரை உடுத்தவில்லை. இன்றைக்குப் பார்த்து இருட்டில் கையில் வந்து ஏறியிருக்கிறது. பள்ளி வாசலில் பதினாலடி நீளத்துக்கு பேனர் கட்டியிருக்கிறார்கள், பத்தாம் வகுப்பில் தொடர்ந்து ஒன்பதாவது ஆண்டாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி, அதில் ஆசிரியைகள் வரிசையில் அமுதவல்லியும் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எப்படி வராது நூற்றுக்கு நூறு? ஃபெயிலாகிறவளை எல்லாம் ஒன்பதாவதிலேயே வெளியே தள்ளிவிட்டால் என் வீட்டுக் கிரைண்டர்கூடத் தேர்ச்சி பெறும். அந்த போட்டோ எடுத்த அன்று மேடம் எல்லோருக்கும் ரோஜாப்பூ கொடுத்தார், இவள் இரண்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் யோகலட்சுமியை அவளுக்குப் பிடிக்காது. அதை ஒளிப்பானேன். அறிவியலில் பதினேழு மார்க். எந்தக் கேள்விக்கும் அமீபா படம் போட்டு வைப்பாள், ஒளிச்சேர்க்கைக்கும் அமீபா, நெம்புகோலுக்கும் அமீபா, அதிலும் உட்கரு மட்டும் ரொம்ப நேர்த்தியாகப் பென்சிலால் தீட்டியிருக்கும். ஒரு பீரியடுக்கு இரண்டு தடவை பாத்ரூம். அடுத்தவள் டிபன் பாக்ஸில் கை. வகுப்பில் எண் சொல்லச் சொன்னால் ஆளுக்கு ஆள் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருவார்கள், ஆங்கில எழுத்து வரிசையில் கடைசியாக வருகிற இந்தப் பெண் மட்டும் கூரை அதிர “நாப்பத்தொண்ணு மிஸ்!” என்று கத்துவாள், தேர் நிலைக்கு வந்துவிட்டதை அறிவிக்கிற மாதிரி. அவளைத் திட்டாத நாள் கிடையாது. தலைசிறந்த மாணவி யாரையோ அநியாயமாகத் துரத்துகிறார்கள் என்றால் அமுதவல்லிக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும். இது அப்படியில்லை. இந்தப் பெண் நிஜமாகவே படிக்காது. அதனால் என்ன? படிக்கிறவளுக்கு வாத்தியார் எதற்கு, அவளே படித்துக்கொள்வாள். படிக்காதவளுக்குத்தானே நான் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறேன் என்று நினைத்தாள். இதை யாரிடம் போய்ச் சொல்ல, சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. கணக்கு மிஸ் ரெபேக்கா ஒரே ஒரு தடவை ஸ்டாஃப் மீட்டிங்கில் எழுந்து கேட்டாள். அடுத்த வாரமே அவளை எல்.கே.ஜி.க்கு அனுப்பினார்கள், எம்.எஸ்ஸி. படித்தவள் நான்கு மாதம் மூக்குத் துடைத்துவிட்டுத் தானாகவே போய்விட்டாள். யாரும் துரத்தவில்லை. அவளும் தன் விருப்பத்தின் பேரில்தான் எழுதிக் கொடுத்தாள். அமுதவல்லியின் கணவர் கம்பெனி மூடியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார், நேற்று ராத்திரி தோசை தின்றுகொண்டே, “எல்லாரும் போடுறாங்க, நீயும் போட்டுட்டுப் போ, உனக்கு எதுக்கு வம்பு” என்றார். தட்டை அவள் வாங்கிய வேகத்தில் சட்னி அவர் வேட்டியில் கொட்டியது.

யானை எலும்புக்கூட்டின் முன்னால் ஹெலன் எல்லோரையும் நிறுத்தினாள். “எண் சொல்லுங்க!” ஒன்று, இரண்டு, மூன்று. அமுதவல்லி அரைக் காதோடு கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வந்தது, மகேஸ்வரி சொன்னாள். இருபத்தேழு வந்தது. முப்பத்தொன்பது, நாற்பது. நின்றுவிட்டது. ஹெலன் திடுக்கிட்டு, “நாப்பத்தொண்ணு எங்க? மிஸ், ஒண்ணு காணோம் மிஸ்!” என்று பதறினாள். அமுதவல்லி பெண்களை விலக்கிக்கொண்டு வந்தாள். ரோடு, பஸ், கூவம், பிள்ளை பிடிக்கிறவன், அவள் அம்மா, எல்லாம் ஒன்றாக ஓடி வந்து நெஞ்சில் இடித்தன. பார்த்தால் வரிசையின் கடைசியில், எப்போதும் நிற்கிற இடத்தில், யோகலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். “ஏன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? நம்பர் சொல்றதுக்கென்ன?” அமுதவல்லி கை ஓங்கிவிட்டாள். அந்தப் பெண் நகரவில்லை. “நான் சொல்லணுமா மிஸ்?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், பாத்ரூம் போகலாமா என்று கேட்கிற அதே குரலில். ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அமுதவல்லி தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

திமிங்கிலத்தின் எலும்புக்கூடு மேலே நீண்டு கிடந்தது. பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒருத்தி மேல் ஒருத்தி முட்டிக்கொண்டார்கள். “மிஸ், இத செத்தப்புறம் கொண்டாந்தாங்களா, கொண்டாந்து சாவடிச்சாங்களா?” யோகலட்சுமிதான். எங்கே போனாலும் ஒட்டிக்கொண்டு வருகிறது. “கரையில ஒதுங்கியிருக்கும், போடி” என்றாள். போகவில்லை. விரலால் கம்பித் தடுப்பைச் சுரண்டிக்கொண்டே நின்றது. “மிஸ், டைப்பிங் மிஸ்டேக்னா எங்க மூணு பேருக்கும் எப்படி மிஸ் ஆச்சு? நாங்க மூணு பேருதான மிஸ் சாயங்காலம் ஸ்பெஷல் க்ளாஸ்?” அமுதவல்லி கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். “எங்கம்மாவ கூட்டிட்டு வரணுமா மிஸ்? அவங்களுக்கு லீவு போட முடியாது மிஸ். நான் வேணா அமீபா போடாம எழுதறேன் மிஸ்.” என்ன பேச்சு இது, யார் இந்தப் பெண்ணுக்கு இப்படிப் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தது? அவள் அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலைக்குப் போகிறவள். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள், அது அந்தக் கட்டத்துக்குள் என்றைக்கும் அடங்கியதில்லை. இனிஷியலோடு முழுப் பேரையும் கொட்டை எழுத்தில், கட்டத்தைத் தாண்டி, பக்கத்துக் கட்டத்தையும் பிடித்துக்கொண்டு எழுதியிருப்பாள். மகளிடம் எழுதக் கற்றுக்கொண்டாளாம். பி.டி.ஏ. கூட்டத்துக்கு ஒரே தடவை வந்தவள் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள், மிளகாய்ப் பொடி போட்ட மாதிரி விரல் நுனியெல்லாம் சிவந்து வெந்திருந்தது. உறைக்குள் இருக்கிற தாளில் பெற்றோர் கட்டம் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று இப்போது ஞாபகம் வந்தது. அதற்குள் எப்படி எழுதுவாள்? எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மாசிலாமணி விரலை வைத்துக் காட்டுவார், என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவள் ஆசையாசையாக முழுப் பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

அப்போதுதான் போன் அடித்தது. மேடம். “அமுதா, எல்லாம் நல்லபடியா போகுதா? பசங்க என்ஜாய் பண்றாங்களா?” பண்றாங்க மேடம். “அந்த மூணு பேரு?” அவங்களும்தான் மேடம். “குட். சைன் ஆச்சா?” “இன்னும் இல்ல மேடம், பசங்கள பாத்துட்டு இருக்கேன்.” “ஒரு நிமிஷ வேலைதான, பஸ்ல உக்காந்து போட்டுடுங்க” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். ஒரு நிமிஷ வேலைதான். அதில் பொய்யில்லை. சங்கரிக்கு அரை நிமிஷம்தான் ஆயிற்று, கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் காபி குடித்தாள், காபியில் சர்க்கரை குறைவு என்று ஆயாவைக் கடிந்துகொண்டாள். யார்மேல் இத்தனை கோபம்? மேடம்மேலா? மேடம் வியாபாரி, கடை நடத்துகிறார், மறைத்துக்கூடச் செய்யவில்லை. மாசிலாமணிமேலா? அந்த ஆளுக்குத் தான் செய்த தப்பு என்னவென்றே இன்னும் தெரியாது. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள், சரிகை நுனி கழுத்தில் கீறியது. ஸ்டூல் போட்டாளே பாவி. தண்ணீர் கொடுத்தாளே. நான்தான் உன்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தினேன் என்று அன்றைக்கே அந்தக் கடையில் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? பரவால்ல மிஸ் என்றுதான் சொல்லியிருப்பாள். அந்தப் பரவால்லயைத்தான் தாங்க முடியாது.

வெளியே வரும்போது வாசலில் அதே மனிதர் எழுந்து நின்று ஒவ்வொரு பெண்ணாக எண்ணினார். ஆட்டை எண்ணுகிற மாதிரி தலையைத் தலையைத் தொட்டு, உதடு அசைய, அவசரமே இல்லாமல். வெயிலில் ஹெலன் முணுமுணுத்தாள். “நாப்பத்தொண்ணு. சரியா இருக்கு மேடம்” என்று கடிதத்தில் ஒரு டிக் போட்டார். “எத்தன பேர் உள்ள போறாங்களோ அத்தன பேரும் வெளிய வரணும் எனக்கு. ஒண்ணு கொறஞ்சாலும் வீட்டுக்குப் போனா சோறு இறங்காது.” கீழே அவள் கையால் எழுதிய மூன்று பேர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த டிக்கைப் போட்டார். முன்பின் தெரியாத ஆள். ஒன்பது வருஷமாக நான் தின்ற சோறு எப்படி இறங்கியது என்று நினைத்தபடி அவள் பஸ்ஸில் ஏறினாள்.

முன் சீட்டில் உட்கார்ந்து உறையைப் பிரித்தாள். பேனாவைத் தேடினால் பையில் சிவப்புப் பேனாதான் இருந்தது, விடைத்தாள் திருத்துகிற பேனா. முதல் தாள் யோகலட்சுமி. மேற்படி பெற்றோர் என் முன்னிலையில் இதைக் கேட்டுக்கொண்டார். அந்த வரியைச் சிவப்பில் அடித்தாள், மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு, இருபத்தோரு வருஷமாகத் தப்பான விடைகளை அடித்த அதே இழுப்பு. கீழே எழுதினாள்: இந்தப் பெற்றோர் என்னிடம் வரவில்லை, எதுவும் கேட்கவில்லை, இந்த மாணவி என் வகுப்பில் படிக்கிறாள். கையெழுத்து, தேதி. அடுத்த தாள். அடுத்தது. மூன்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். எடுத்த பிறகுதான் பயம் முழுசாக வந்தது, எல்.கே.ஜி. வகுப்பின் குட்டி நாற்காலிகள், வீட்டில் தோசையோடு உட்கார்ந்திருக்கும் ஆள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன, வந்தால் வரட்டும் என்று உறையை நாக்கால் நனைத்து ஒட்டினாள். போன் அடித்தது. “சைன் ஆச்சா அமுதா?” “ஆச்சு மேடம். மூணுலயும் போட்டுட்டேன்.” “தேங்க் யூ அமுதா, எனக்குத் தெரியும், உங்கள நம்பலாம்.”

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அமுதவல்லி எழுந்து நிற்கவில்லை, பின்னால் திரும்பக்கூட இல்லை. “நம்பர் சொல்லுங்கடி” என்றாள். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தது. இருபத்திரண்டு. இருபத்தேழு. முப்பத்தொன்பது. நாற்பது. நின்றது. டிரைவர் சாவியில் கை வைத்தார். “இருங்க” என்றாள் அவள். யாரோ முறுக்குப் பொட்டலத்தைக் கசக்குகிற சத்தம் கேட்டது. “நான் இன்னும் எண்ணி முடிக்கல” என்று அமுதவல்லி உரக்கச் சொன்னாள். தனக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது. கடைசி சீட்டிலிருந்து, வாயில் முறுக்கோடு, ஒரு குரல் மெதுவாக நாப்பத்தொண்ணு என்றது. “கேக்கல” என்றாள். “நாப்பத்தொண்ணு மிஸ்!” பஸ் கிளம்பியது.